நான்கு இரவுகளை எடுத்துவிட்டு மிச்சத்தை முகாம் என்று சொல்லாதீர்கள்

கல்விக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் சுற்றறிக்கை எங்கள் திறந்தவெளிப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. வரும் கல்வியாண்டிலிருந்து ஐந்து நாள், நான்கு இரவு தங்கும் முகாம் கிடையாது. காலையில் பேருந்தில் வந்து மாலையில் திரும்பும் ஒருநாள் பயணம் மட்டும்தான். சொந்தச் செலவில் தங்க விரும்பும் பள்ளிகள் தனி அனுமதி வாங்கிக்கொள்ளலாம், தங்கள் மாணவர்களை மட்டும் மற்றப் பள்ளிகளோடு கலக்காமல் தனி அறைகளில் வைத்துக்கொள்ளலாம். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு இதுவரை கிடைத்த உதவி நிறுத்தப்படுகிறது. கடைசியில் ஒரு வரி: "இயற்கையும் பன்முகத்தன்மையும் என்ற பாடப்பொருளில் எந்த மாற்றமும் இல்லை."

அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. பாடப்பொருள் அப்படியே இருக்கிறது, சரி. அதை எந்த நேரத்தில் நடத்துவது?

நான் இங்கே பல ஆண்டுகளாகக் களஆசிரியராக இருக்கிறேன். ஒருநாள் பயணமாக வரும் பிள்ளைகளையும் அழைத்துப் போயிருக்கிறேன், தங்கிப் படிக்கும் பிள்ளைகளையும் அழைத்துப் போயிருக்கிறேன். ஒருநாள் பயணம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். பேருந்து வந்து நிற்கும்போது காலை பாதி போயிருக்கும். பறவைகள் அதிகம் பாடுவது விடியலை ஒட்டித்தான், அது முடிந்துபோயிருக்கும். வெயில் ஏற ஏற மற்ற உயிரினங்களும் ஒதுங்கிவிடும். பிள்ளைகள் பேருந்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்களோ அவர்களோடுதான் நடப்பார்கள், அவர்களோடுதான் சாப்பிடுவார்கள். வேறு பள்ளிப் பிள்ளைகள் பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். எங்களுக்கும் அவசரம். ஓடை, மரம், பூச்சி, குழுப் படம், கழிப்பறை வரிசை, மறுபடி பேருந்து. அதை வீண் நாள் என்று சொல்ல மாட்டேன். நான்கு சுவருக்கு வெளியே ஒரு நாள் இருப்பதே நல்லதுதான். ஆனால் பன்முகத்தன்மையைப் பற்றி அன்று என்ன கற்றார்கள் என்று கேட்டால், நோட்டில் எழுதிக்கொண்ட சில பெயர்களைத்தான் காட்ட முடியும்.

பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரவில் நடமாடுபவை. பட்டாம்பூச்சிகளில் சுமார் 18,000 இனங்கள் என்றால், அந்துப்பூச்சிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை இருட்டிய பிறகே வெளியே வரும். எங்கள் பிள்ளைகள் முதல் நாள் மதியம் சருகுத் தரையில் ஒரு மீட்டர்ச் சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே கண்ணில் படும் உயிர்களை எல்லாம் எண்ணிப் பட்டியல் போடுவார்கள். அன்று இரவு அதே சதுரத்துக்குச் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சோடு திரும்பிப் போவார்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு இடங்களின் பட்டியல் போலத் தெரியும். "இவங்க எல்லாம் பகல்ல எங்க இருந்தாங்க?" என்று ஒவ்வொரு குழுவிலும் யாராவது கேட்காமல் இருந்ததில்லை. இரவை எடுத்துவிட்டு இயற்கையின் பன்முகத்தன்மையைச் சொல்லித் தருவோம் என்கிறீர்கள். பாதிக்கு மேல் போய்விடுகிறதே.

பாடத்தில் மனிதர்களைப் பற்றிய பாதிக்கும் இரவுதான் வகுப்பு. எட்டுப் பேருக்கு ஓர் அறை. நான்கு பள்ளிகளிலிருந்து இரண்டிரண்டு பேராகப் போடுவோம். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் யாரும் தவித்துவிடக் கூடாது, ஒரே பள்ளிக் கும்பல் அறையைப் பிடித்துக்கொள்ளவும் கூடாது என்பதற்காக. முதல் நாள் மாலை புகார்கள் வரிசைகட்டி வரும். அவன் வேறு மொழி பேசுகிறான், இவன் வேறு சாமி கும்பிடுகிறான், அவள் பையில் வாசனை அடிக்கிறது, என் நண்பன் அறைக்கு என்னை மாற்றுங்கள். பெற்றோரிடமிருந்து தொலைபேசியும் வரும். நாங்கள் மாற்றுவதில்லை. யாராவது துன்புறுத்தினால் மட்டும் மாற்றுவோம்.

விளக்கணைந்த பிறகு வீட்டு நினைப்பு வரும். அது வசதி பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை. பகல் முழுக்க எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டிருந்த ஒரு பையன் போர்வைக்குள் விம்மினான். அவனைத் தேற்றியது யார் தெரியுமா? அன்று காலை அவன் கிண்டல் செய்த பையன். பிழைப்புக்காக ஊர் ஊராக மாறிய குடும்பம் அவனுடையது. புது இடம், புது முகம், புது மொழி எல்லாம் அவனுக்குப் பழகியவை. "முதல் நாள் இப்படித்தான் இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று ஏதோ பெரிய மனுஷனைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற நான் உள்ளே போகவில்லை. எனக்கு அங்கே வேலை இல்லை.

இன்னொரு அறையில் விடியும் முன் எழுந்து தொழும் பழக்கமுள்ள ஒரு பையன் இருந்தான். முதல் காலை மற்றவர்கள் தூக்கம் கெட்டது என்று முணுமுணுத்தார்கள். அடுத்த நாள் ஒருவன் அதைப் பற்றி நேராகவே கேட்டான், இவனும் பதில் சொன்னான். அதற்கடுத்த நாள் அந்த மூலையில் கிடந்த செருப்புகளையும் ஈரத் துண்டுகளையும் முந்தைய இரவே யாரோ ஒதுக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மதநல்லிணக்கம் பற்றி வகுப்பில் நான் எவ்வளவு பேசியிருந்தாலும் அந்தச் செருப்பு நகர்ந்திருக்குமா என்பது சந்தேகம்.

காது கேளாத ஒரு சிறுமியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு ஒருநாள் பயணமே "பொருத்தமானது" என்று சுற்றறிக்கையின் நடுவில் எழுதியிருக்கிறீர்கள். அவள் செவிக்கருவி போட்டுக்கொள்வாள், மிச்சத்தை உதட்டசைவில் படிப்பாள். தூங்கும்போது கருவியைக் கழற்றிவிடுவாள், விளக்கும் அணைந்துவிடும். ஆக இரண்டு வழியும் அடைபட்டுவிடும். முதல் இரவே அறைத் தோழிகள் இதைக் கவனித்துவிட்டார்கள். உள்ளங்கையில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் வா, விரலால் இழுத்தால் அந்தப் பக்கம் பார் என்று அவர்களாகவே ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார்கள். தூங்காமல் சிரித்துக்கொண்டிருந்ததற்காக இரண்டு முறை எச்சரிக்கையும் வாங்கினார்கள்.

மறுநாள் இரவு நடை. விளக்கில்லாமல் வரிசையாகக் கைகோத்துப் போவது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் யாராவது டார்ச் அடித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அதனால் அவளுக்காக விளக்குப் போடலாமா என்று எங்களுக்குள் ஒரு குழப்பம் இருந்தது. தேவையே வரவில்லை. தட்டு முறை தயாராக இருந்தது, வரிசை முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. திரும்பும் வழியில் ஒரு விளையாட்டு உண்டு. டார்ச்சைக் கண் உயரத்தில் நெற்றியோரமாகப் பிடித்துப் புல்தரையைப் பார்க்க வேண்டும். ஓநாய்ச் சிலந்தியின் கண்கள் ஒளியைத் திருப்பி அனுப்பும், பச்சையாகப் பனித்துளி மின்னுவது போலத் தெரியும். மற்றவர்கள் எல்லாம் சத்தங்களைக் கேட்பதிலேயே குறியாக இருந்ததால், முதலில் கண்டது அவள்தான். ஓர் இழுப்பு. அது கை கையாகப் போய் வரிசையின் கடைசிப் பிள்ளையும் அந்தப் பக்கம் திரும்பினான்.

ஒருநாள் பயணத்தில் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும்? முன்வரிசையில் ஓர் இருக்கை, என் முகத்தை அவள் பக்கம் திருப்பிப் பேசும் என் முயற்சி. மற்ற பிள்ளைகளுக்கு அவளைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? காதில் ஏதோ மாட்டியிருக்கிறாள் என்பது.

வேலைப் பட்டியலையும் சொல்லியாக வேண்டும். பாத்திரம் கழுவுவது, அறை பெருக்குவது, கழிப்பறை சுத்தம் செய்வது எல்லாம் சுழற்சி முறையில் எல்லாருக்கும் உண்டு. துடைப்பத்தையே தொட்டறியாத பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு பாதிச் சமையலும் செய்யும் பிள்ளைகளும் வருகிறார்கள். வகுப்பறையில் யார் கெட்டி என்ற வரிசை இங்கே பாத்திரத் தொட்டியின் முன்னால் தலைகீழாகிவிடும். வகுப்பில் வாயே திறக்காத பெண், மதிப்பெண் பட்டியலில் முதலில் நிற்கும் பையனுக்கு அண்டா தேய்க்கக் கற்றுக்கொடுப்பாள். அவன் கேட்டுக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தாலே பழகிவிடுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், ராபர்ஸ் கேவ் பூங்காவில், முஸாஃபர் ஷெரீஃப் என்ற சமூக உளவியலாளர் தன் குழுவோடு ஒரு கோடை முகாம் நடத்தினார். 11, 12 வயதுப் பையன்கள் 22 பேர். எல்லாரும் ஒரே நிறம், ஒரே மதம், ஒரே மாதிரி வசதி. இரண்டு அணியாகப் பிரித்துப் பரிசுப் போட்டிகள் வைத்தார்கள். சில நாட்களிலேயே கொடியை எரிப்பது, அறை புகுந்து சாமானைக் கலைப்பது என்று போனது. அப்புறம் இரண்டு அணிகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள், படம் காட்டினார்கள். பகை குறையவில்லை, சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்று, எல்லாரும் சேர்ந்து குழாயைத் தேடிப் போக வேண்டி வந்தபோதும், கிளம்பாத லாரியைச் சேர்ந்து கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்தபோதும்தான் மெல்ல மாறியது. பையன்களுக்குத் தெரியாமல் பெரியவர்களே இதையெல்லாம் ஏற்பாடு செய்தார்கள், அது சரியில்லை என்று அந்த ஆய்வைப் பலர் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள், நியாயம்தான். ஆனாலும் உங்கள் சுற்றறிக்கையோடு அதை வைத்துப் பாருங்கள். ஒருநாள் பயணத்தில் நீங்கள் தருவது சேர்ந்து சாப்பிடுவதும் சேர்ந்து படம் பார்ப்பதும். பள்ளிக்குப் பள்ளி தனித்தனி அறை என்பது பிள்ளைகளை அணி பிரிக்கும் முதல் வேலையை நீங்களே செய்து தருவது.

அதே 1954-இல் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் எழுதியதும் இதையொட்டித்தான். சம அந்தஸ்து, பொது இலக்கு, சேர்ந்து உழைப்பது, மேலே இருப்பவர்களின் ஆதரவு, இவை இருந்தால் வெவ்வேறு குழுவினர் ஒருவரோடொருவர் பழகுவது வெறுப்பைக் குறைக்கும் என்றார். 2006-இல் பெட்டிக்ரூ, ட்ராப் என்ற இரு உளவியலாளர்கள் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அப்படிப் பழகுவது பொதுவாகவே வெறுப்பைக் குறைக்கிறது, அந்த நிபந்தனைகள் இருந்தால் இன்னும் அதிகமாகக் குறைக்கிறது என்று கண்டார்கள். மேலே இருப்பவர்களின் ஆதரவு என்ற இடத்தில்தான் நீங்கள் வருகிறீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "காட்டில் எல்லா உயிரும் ஒற்றுமையாக வாழ்கின்றன, நாமும் அப்படி வாழ வேண்டும்" என்ற பிரசங்கத்தை நாங்கள் செய்வதில்லை. விருந்தினராக வரும் பெரியவர்கள் செய்வார்கள், பிள்ளைகள் உடனே "அப்போ சிலந்தி ஏன் பூச்சியைத் திங்குது?" என்று மடக்கிவிடுவார்கள். நாங்கள் செய்வது எண்ணவைப்பது மட்டும். பல மரங்கள் கலந்த இடத்தில் ஒரு சதுரம், ஒரே மரத்தை வரிசையாக நட்ட தோப்பில் இன்னொரு சதுரம். எதில் எத்தனை வகை என்று அவர்களே எண்ணுவார்கள். அப்புறம் 1845-இல் அயர்லாந்தில் நடந்ததைச் சொல்வோம். ஏழைகள் பெரும்பாலும் ஒரே ரக உருளைக்கிழங்கையே நம்பியிருந்தார்கள், கருகல் நோய் வந்து வயல் வயலாகச் சாய்த்தது, சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இதையும் தங்கள் அறையையும் சேர்த்து யோசிப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவோம்.

இனி நீங்கள் சொல்லும் காரணங்கள். பாதுகாப்பை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். பிள்ளையை நான்கு இரவு வெளியே அனுப்பும் தாய்க்குப் பயம் இருக்கத்தான் செய்யும், இருக்கவும் வேண்டும். அதனால்தான் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. இரவில் இருவர் விழித்திருந்து சுற்றிவந்து நேரத்தோடு கையெழுத்துப் போடுகிறார்கள். மருந்துகள் பூட்டிய அலமாரியில் பெயர்ச் சீட்டோடு இருக்கின்றன. ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வது, அவர் மேலேயே புகார் என்றால் வேறு யாரிடம் சொல்வது என்று முதல் மாலையே ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லித் தருகிறோம். இதில் ஓட்டை இருந்தால் காட்டுங்கள், அடைக்கிறோம். சொல்லாமல் வந்து சோதியுங்கள். ஆனால் சுற்றறிக்கை எந்தக் குறையையும் குறிப்பிடவில்லை. "பாதுகாப்புக் காரணங்களுக்காக" என்ற இரண்டே சொற்கள். நேரில் கேட்டபோதும் அதற்கு மேல் ஒரு சொல் கிடைக்கவில்லை.

செலவு உண்மையானது. கட்டில், இரவுப் பணியாளர், சமையல், எல்லாம் பணம். உலகத்தில் மற்றவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள். ஸ்லோவேனியா சிறிய நாடு. பள்ளிப் பிள்ளைகள் இயற்கைச் சூழலில் தங்கிப் படிக்கும் விடுதிகளை நடத்த 1992-இல் ஒரு பொது நிறுவனத்தையே அங்கே அரசு அமைத்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2016-இல் இந்தக் கேள்வியை வாக்காளர்களிடமே விட்டார்கள். ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம் திறந்தவெளிப் பள்ளிக்குப் போக மாநில லாட்டரி வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கலாமா என்று. ஒதுக்கலாம் என்றுதான் பெரும்பான்மை மக்கள் சொன்னார்கள்.

தேர்வுக்குப் படிக்கும் நேரம் போகிறது என்ற வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. வருடத்தில் ஒரு வாரம். இதையெல்லாம் காணொளியிலேயே காட்டிவிடலாம் என்ற வாதத்துக்கு மட்டும் ஒன்று. 2014-இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள், திரையே இல்லாத வெளிப்புற முகாமில் ஐந்து நாள் தங்கிய ஆறாம் வகுப்புப் பிள்ளைகளையும், வழக்கம்போல் இருந்த அதே வயதுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். முகக்குறிப்பைப் பார்த்து அடுத்தவர் உணர்ச்சியைப் புரிந்துகொள்வதில் முகாம் பிள்ளைகள் அதிகம் முன்னேறியிருந்தார்கள். திரை இல்லாததாலா, நாள் முழுக்க ஒருவரோடொருவர் இருந்ததாலா என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வு போதாது. எதுவாக இருந்தாலும் காணொளியால் வந்ததில்லை.

கட்டண உதவியை நிறுத்தியதுதான் எனக்கு அதிகம் கோபம் வரும் இடம். தனி அனுமதி வாங்கி, சொந்தச் செலவில் தங்கக்கூடிய பள்ளிகள் எவை என்று உங்களுக்குத் தெரியும். இனி இங்கே இரவு தங்குவது வசதியுள்ள பிள்ளைகள் மட்டும், அவர்களும் தங்கள் வகுப்புத் தோழர்களோடு மட்டும். அதைத்தான் பன்முகத்தன்மை முகாம் என்று அறிக்கையில் எழுதப்போகிறீர்கள். இதுவரை யார் கட்டணம் கட்டினார், யார் உதவியில் வந்தார் என்பது களஆசிரியர்களுக்கே தெரியாது. மழைக்கோட்டும் காலணியும் இல்லாதவர்களுக்கு மட்டும் கொடுத்தால் அடையாளம் தெரிந்துவிடும் என்று எல்லாருக்கும் கிடங்கிலிருந்தே கொடுத்தோம். பிராண்டு காலணி போட்டு வந்தவனும் அதே பழைய ரப்பர் காலணியில்தான் ஓடையில் இறங்கினான். இதை உருவாக்க எங்களுக்கு ஆண்டுகள் ஆனது. ஒரு பத்தியில் எடுத்துவிட்டீர்கள்.

ஐநாவின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 29-ஆவது பிரிவு கல்வியின் நோக்கங்களை வரிசைப்படுத்துகிறது. எல்லா இன, மத மக்களோடும் புரிதலோடும் நட்போடும் வாழத் தயார்செய்வது அதில் ஒன்று. அதற்கு அடுத்த வரியே இயற்கைச் சூழலை மதிக்கப் பழக்குவது. எங்கள் முகாமின் இரண்டு பாதிகளும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டிய கடமையைத்தான் இந்த முகாம் உங்களுக்காகச் செய்துகொண்டிருந்தது.

எனவே கேட்கிறேன். சுற்றறிக்கையை நிறுத்திவையுங்கள். தங்கும் முகாமை எல்லாப் பள்ளிகளுக்கும் திரும்பக் கொண்டுவாருங்கள். பணம் உண்மையிலேயே போதவில்லை என்றால் மூன்று இரவாகக் குறைத்துக்கொள்வோம், அதற்குக் கீழே வேண்டாம். முதல் இரவு அழுகையிலும் இரண்டாவது சண்டையிலும் போய்விடும், மூன்றாவதில்தான் பழக்கம் வரும். பள்ளிவாரியாக அறை என்ற பத்தியை முழுதாக நீக்குங்கள், அறை ஒதுக்கும் பொறுப்பை எங்களிடமே விடுங்கள். கட்டண உதவியைப் பழையபடி பெயர் வெளியில் தெரியாத முறையிலேயே தொடருங்கள். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு எது பொருத்தம் என்று அவர்களையும் அவர்கள் பெற்றோரையும் கேளுங்கள், இரவு தங்க அவர்களுக்குத் தேவைப்படும் உதவியாளருக்கு நிதி ஒதுக்குங்கள். பாதுகாப்பு என்று சொன்னீர்களே, எந்த ஆய்வின், எந்தப் புகாரின் பேரில் என்பதை எழுத்தில் வெளியிடுங்கள்.

முடிவெடுத்த உறுப்பினர்களில் யாரும் இங்கே ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. இந்தப் பருவத்தின் கடைசி முகாம் இன்னும் முடியவில்லை. உங்களில் இருவராவது வந்து முழு முகாமும் தங்குங்கள். பிள்ளைகளுக்கு உள்ள அதே விதிகள்தான் உங்களுக்கும், வேலைப் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கும். அடுத்த ஆண்டு அட்டவணையை அதன் பிறகு முடிவு செய்யுங்கள். வருகிறீர்களா இல்லையா என்பதை முகாம் தொடங்கும் முன் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திறந்தவெளிப் பள்ளியின் களஆசிரியர் ஒருவர்